பத்மாவதி ஒளித்துவைத்த குளிசை

இணுவிலில் பள்ளிச் சீருடை தைப்பதென்றால் பத்மாவதியிடம்தான் போவார்கள். அறுபத்தைந்து வயதிலும் ஒரு பிள்ளையை ஒருதரம் பார்த்தால் போதும், தோளளவைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு யாரிடமும் சொல்லமுடியாத சங்கடம் ஒன்றிருந்தது. சலம் முட்டினால் சிறுநீரை ஒரு நிமிடம்கூட அடக்க முடியாது. அதனால் கோயில் திருவிழாவுக்குப் போவதை விட்டாள். பஸ் ஏறவேண்டிய நாட்களில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டாள். கடைசியில், கூட இருக்கும் மகள் மதுராவுக்கும் தெரியாமல் சுன்னாகத்தில் ஒரு வைத்தியரைப் பார்த்துக் குளிசை வாங்கிவந்தாள். அதைக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

குளிசை வேலை செய்தது. ஆனால் நாலு மாதத்துக்குள் வேறொன்று தொடங்கியது. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலக்கையாகவே வெட்டினாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு முற்றம் கூட்டப் போனாள். மருமகனின் பெயர் வாயில் வரவில்லை. மதுரா யாருக்கோ போனில், "அம்மாவுக்கு மறதி வருத்தம் துவங்கீட்டுது" என்று சொன்னது காதில் விழுந்தது. பின்னேரத்துக்குள் அதையும் மறந்துபோனாள்.

அந்த நாட்களில்தான் அளவெட்டியில் அவளுடைய அக்கா பாலேஸ்வரி மாரடைப்பால் இறந்தாள். பிரேதத்தின் தலைமாட்டில் இருத்தப்பட்ட பத்மாவதி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அக்காவின் மகள் கோபிகாவிடமே கேட்டாள்:

"ஆற்றை செத்தவீடு பிள்ளை இது? ஆர் செத்தது?"

அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

நாலாம் நாள் மதுரா அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் சாருஜா, பத்மாவதி என்னென்ன மருந்து எடுக்கிறாள் என்று கேட்டார்.

"பிறசர் குளிசை மட்டும்தான்" என்று மதுரா முந்திக்கொண்டாள்.

டொக்டர் பத்மாவதியின் நாக்கைப் பார்த்தார். வறண்டு வெடித்துக் கிடந்தது. "நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ" என்று மதுராவை அனுப்பிக் கதவைச் சாத்தினார். "வாய் இப்பிடிக் காயுதெண்டால் வேறை ஏதோ மருந்தும் எடுக்கிறியள் போலை அம்மா" என்றார். பத்மாவதி சீலைத் தலைப்பைத் திருகினாள். பிறகு கைப்பையைத் திறந்து குளிசை அட்டையை மேசையில் வைத்தாள்.

டொக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது சலப்பையை இறுகவிடாமல் தடுக்கிற மருந்து அம்மா. ஆனால் அது போய் ஒட்டுற இடங்கள் மூளையிலையும் இருக்கு. உங்கடை வயசிலை அங்கையும் போய்த் தடுத்துப்போடும். இப்ப இதை நிப்பாட்டுவம். பிறகு வேறொண்டு தாறன். அது கூடுதலாச் சலப்பையைத்தான் பிடிக்கும், மூளையை அவ்வளவாத் தொடாது."

"அப்ப எனக்கு விசர் இல்லையோ?"

"மறதி இந்தக் குளிசையாலைதான் எண்டு நினைக்கிறன். பொறுத்துப் பாப்பம்."

வீட்டுக்கு வந்ததும் மதுரா, "ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்றாள்.

"என்னண்டு பிள்ளை சொல்லுறது? சீலை நனையுது எண்டோ?"

மதுரா, போனில் தான் சொன்னதை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. புதுக் குளிசையும் தொடங்கியது. வாய் இன்னும் காய்ந்தது, மலச்சிக்கல் வந்தது, சில நாட்களில் சலத்துக்கு ஓடத்தான் வேண்டியிருந்தது. சீருடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வேறிடம் பார்த்துவிட்டார்கள்.

அக்கா இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சடங்கு முடியும்வரை பத்மாவதி எழும்பாமல் இருந்தாள். பந்தியில் சாப்பாடு பரிமாறினார்கள், யாரோ எதற்கோ சிரித்தார்கள். மாலை போட்ட அக்காவின் படத்தை அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்து அழத் தொடங்கினாள். மற்றவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே அழுது முடித்திருந்தார்கள்.

கோபிகா சோற்றுக் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன சின்னம்மா, இப்ப ஏன்?"

"அக்கா எனக்கு இண்டைக்குத்தான் பிள்ளை செத்தவ."

கோபிகா கரண்டியை வைத்துவிட்டு அவளருகே நிலத்தில் இருந்தாள்.