அடைப்புக்குறிக்குள் இரண்டு வருஷம்

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் தங்கியிருந்த ஊர் ரூமில், தோல் கம்பெனிக்குப் போகாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், 1961 ஜூனில் மாட்டுங்காவில் கல்லூரி சேர்ந்தவன், எங்கள் ஊரிலேயே முதல் ஆள். இன்னொருவர் பூலோகம் அண்ணன். கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவர் தொழில். தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் எழுதுவார். வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். மற்றதைப் பார்த்து வரைவார்.

நான் சேர்ந்த வாரமே எனக்கும் ஒரு போர்டு எழுத உட்கார்ந்துவிட்டார். மேலே "சு. நெல்லையப்பன்". கீழே "பி.எஸ்ஸி." அதன் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு, "கெமிஸ்ட்ரிதானலே?" என்று கேட்டார். தோல் கம்பெனியில் கெமிஸ்ட் என்பவர் கை நனையாமல் சம்பளம் வாங்குகிறவர். அந்த ரூமிலிருந்து படிக்கப் போனவனுக்கு வேறென்ன பாடம் இருக்க முடியும்?

முதல் இரண்டு வருஷம் இன்டர், அது முடிந்தபிறகுதான் பாடம் பிரிப்பார்கள், அதுவரை யோசிக்கிறேன் என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை. நான் கல்லூரிக்கே போகவில்லையோ என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. பாஸாகும்வரை போர்டு சுவரைப் பார்த்துத்தான் தொங்கியது. ஆனால் வந்தவரெல்லாம் அதைத் திருப்பிப் பார்த்து, மூடாத அடைப்புக்குறியைக் காட்டி விசாரித்தார்கள்.

ஆறு மாதத்தில் எனக்கு அலுத்துவிட்டது. "அண்ணே, கெமிஸ்ட்ரின்னே எழுதிருங்க" என்றேன்.

பெயின்ட் டப்பாவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "புடிச்சிச் சொல்லுதியா, போர்டு முடியணும்னு சொல்லுதியா?"

"போர்டு முடியட்டுமே."

"போலே. நான் தப்பா எழுதினா தொடைக்க டர்பன்டைன் இருக்கு. ஒனக்கு என்னலே இருக்கு?"

டப்பாவை மூடிவிட்டார். அதன்பிறகு போர்டைத் திருப்பியவர்களிடமெல்லாம், பெயின்ட் இன்னும் காயவில்லை என்று அவரே சொல்லிச் சமாளித்தார். ஒன்றரை வருஷம் காயாத பெயின்ட்.

இன்டரில் கணக்கு வாத்தியார், மாட்டுங்கா ஸ்டேஷனில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னார். நான் மூன்று வாரம் குறித்தேன். எந்தக் கிழமை எந்த வண்டி பிந்தும் என்று ரூமில் சொல்ல ஆரம்பித்தேன், பாதி பலித்தது. மற்றப் பாதி ஏன் பலிக்கவில்லை என்ற யோசனையில் சாப்பாடே மறந்துபோயிற்று. பாடம் கேட்டுப் படிவம் வந்தபோது என் பேனா தயங்கவில்லை.

"ஸ்டாடிஸ்டிக்ஸ்" என்றேன், பூலோகம் அண்ணனிடம்.

அவர் விரல்விட்டு எண்ணினார். பலகையில் இருந்தது கெமிஸ்ட்ரிக்கு அளந்த இடம். "பலகைக்கு ஏத்த பாடமாப் பாத்து எடுக்கக் கூடாதாலே?" என்று சிரித்தார். எழுத்தைச் சின்னதாக்க மட்டும் சம்மதிக்கவில்லை. படித்தவன் போர்டில் எழுத்து குறுகலாகாதாம். 1965இல் நான் பாஸானதும் போர்டு வாசலுக்கு வந்தது. கடைசி "ஸ்"ஸும் மூடுகிற அடைப்புக்குறியும் பலகையைத் தாண்டிச் சுவரில் ஏறின.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். போர்டு என்னோடு வந்துவிட்டது. "ஸ்" தாராவிச் சுவரிலேயே நிற்கிறது. ரூமுக்குப் புதிதாக வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால், "நம்ம ஊரு பி.எஸ்ஸி.யோட மிச்சம்" என்கிறாராம் பூலோகம் அண்ணன்.