எசேக்கியேலின் ராட்டினம்

நேசையனுக்கு ராட்டினம் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை என்று கூட்டம் எங்கேயோ அங்கேதான் அவர் குடித்தனம். அப்படிப்பட்ட மனிதரை, இராஜாக்கமங்கலம் பக்கம் கிளீட்டஸ் தொடங்கிய வேதாகமப் பூங்கா ஒரே இடத்தில் நிற்க வைத்தது. மாசச் சம்பளம் என்றதும் அவர் மனைவி ராகேல் சபையில் எழுந்து, கர்த்தர் செய்த நன்மை இது என்று சாட்சியே சொல்லிவிட்டாள்.

2009இல் வந்தது வினை. பக்தி வளர்க்கும் பூங்காவுக்குக் கேளிக்கை வரியில் சலுகை உண்டென்று யாரோ சொல்ல, முதலாளி கிளீட்டஸ் மனுப் போட்டார். பூங்காவில் செய்து வைத்த நோவாவின் பேழைக் கப்பல் சரி, யோனாவை விழுங்கிய மீனும் சரி; இரண்டும் வேதத்தில் உள்ளவை. ராட்டினத்தை என்ன செய்வது?

"அண்ணே, இதுல எங்க பக்தி இருக்கு? ஆபீசர் பாத்தா எல்லாம் போச்சு. வித்துரலாம்" என்றார் நேசையனிடம்.

மறுபடியும் ஊர் ஊராய் அலைவதை நினைத்ததும் நேசையனுக்கு அழுகையே வந்தது. வேதப் புத்தகத்தை அதிகம் புரட்டாத மனிதர், அன்று ராகேலையும் கூட உட்கார வைத்துச் சக்கரம் வருகிற இடமாகத் தேடினார். பார்வோனின் ரதச் சக்கரம் கிடைத்தது. அது கடலில் மூழ்கியதால் ராட்டினத்துக்கு ஆகாது. கடைசியில் எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட சக்கரம் அகப்பட்டது. மறுநாளே 'எசேக்கியேலின் ராட்டினம்' என்று பெயர்ப்பலகை தொங்கியது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி பகவதியப்பன், பேழைக்குள் கடலை கொறித்துக்கொண்டு போட்டோ எடுத்தவர்களைத் தாண்டி வந்து பலகையை வாசித்தார்.

"பேர மாத்துனா பக்தி ஆயிருமா? இதுல ஏறுகவன் சாமியையா கும்பிடுகான்?"

"ஒருக்கா ஏறிப் பாருங்க சார்" என்றார் நேசையன்.

கிளீட்டஸ் கண்ணைக் காட்டித் தடுப்பதற்குள் அதிகாரி ஏறி உட்கார்ந்துவிட்டார். நேசையன் விசையைத் தள்ளினார். இரண்டு சுற்று சத்தமில்லாமல் போனது. மூன்றாவதில் வேகம் கூடி, உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு தொண்டைக்கு வருமே, அந்த இடத்தில் "முருகா, முருகா" என்று பெருங்குரல் கேட்டது. பேழைக்குள் இருந்தவர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

இறங்கிய பகவதியப்பன் கம்பியை விடாமல் நேசையனிடம் கேட்டார்.

"யாருக்காவது கேட்டுதா?"

"முருகனுக்குக் கேட்டிருக்கும் சார்" என்றார் நேசையன்.

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு கிளீட்டஸ் பக்கம் திரும்பினார்.

"ராட்டினம் இங்கயே இருக்கட்டும். அந்தப் பேழைக்குள்ளதான் ஒருத்தரும் சாமிய நெனச்சு நான் பாக்கல்ல."

நேசையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்தவர்களை ஏறச் சொன்னார்.