சபுராவின் கட்டைவிரல் நகம்

கஸ்டர்டு டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரின் மூலையில் வலது கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருப்பாள் சபுரா. மாவு பிசைகிற கைக்கு நகம் ஆகாது என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒன்பது நகங்களை ஒட்ட வெட்டிவிடுவாள். இந்த ஒன்றை மட்டும் விட்டுவைப்பாள். கேட்டால், "அது கடைக்குப் போற நகம்" என்பாள். ஸ்டிக்கர் பாதி உரிந்ததும் அடியில் அச்சடித்த தேதியைப் படிப்பாள். படித்துவிட்டு, டப்பாவைத் திருப்பி, உரிந்த பக்கம் ஊர் பார்க்கிற மாதிரி அலமாரியின் முன்வரிசையில் வைப்பாள். அடுத்த டப்பாவுக்குப் போவாள்.

பைபாஸ் ரோட்டில் இருக்கும் 'ஏழுகடல் மார்ட்' கடையில் புதன்கிழமை காலைகளில் இது நடக்கும். துருக்கி சேமியா, மலேசியா பிஸ்கட், துபாய் கஸ்டர்டு, இத்தாலிக்காரன் எண்ணெய், கொரியா நூடுல்ஸ் என்று உலகத்துச் சரக்கெல்லாம் அங்கே பாதி விலை. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கூடை நிறைய அள்ளிப் போவார்கள். பாதி விலைக்கு ஏன் தருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. சபுராவுக்குக் காரணம் தெரியும். கெடு தேதி நெருங்கிவிட்ட சரக்கு. அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது.

"ரெண்டு மாசத்துல தேதி முடியுதா, முடியட்டும். எங்கிட்ட ரெண்டு நாள்ல தீந்துரும். அதத் தெரிஞ்சேதான் வாங்குறேன். தேதிய மூடி வச்சு விக்கிறான் பாருங்க, அதுதான் ஆகாது."

தெற்குவாசல் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு கஸ்டர்டு, கடப்பாசி, பிரெட் அல்வா என்று இனிப்பு வகைகளைக் கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுப்பது அவள் தொழில். வயது நாற்பத்தாறு. கணவர் அப்துல் வஹீது மிக்ஸி பழுது பார்ப்பவர். சண்டை சச்சரவு ஆகாதவர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "தானமா குடுத்தான்? காசு வாங்கிட்டுல்ல குடுத்தான்" என்றாள். அதோடு அவர் மிக்ஸிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடை வாசலில் இன்னொரு கோபம் அவளுக்காகக் காத்திருக்கும். உள்ளே போகிறவர்கள் கையிலிருக்கும் பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது வாங்கிய சாமானையும் பில்லையும் விரித்துக் காட்ட வேண்டும். காவலாளி காசிமாயன் உசிலம்பட்டிக்காரர், அறுபதை எட்டுகிறவர். சபுரா வாரம் தவறாமல் அவரிடம் அதையே சொல்வாள்.

"எம்பைய நான் தொறந்து காட்டணும். அவுக தேதிய மட்டும் மூடி வச்சுக்குவாக. இது எந்த ஊரு நாயம்ணே?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் சம்பளத்துக்கு நிக்கிறவன்" என்று அவரும் தவறாமல் சொல்லி டோக்கனை நீட்டுவார்.

கடைக்குள் வேலை செய்கிற பெண்கள் அவளுக்குச் 'சொரண்டியம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது தன் காதில் விழுந்த அன்று சபுரா கோபித்துக்கொள்ளவில்லை. பார்க்கப்போனால் அந்தப் பெயரில்தான் அவள் தெருவே நிம்மதியாகச் சாப்பிட்டது. எந்த வீட்டுக்கு டின் பால் வேண்டுமென்றாலும், விருந்துக்கு எண்ணெய் வேண்டுமென்றாலும், புதன்கிழமைக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுவார்கள். "சபுராக்கா பாத்து வாங்குனதா?" என்பது ஒரு கேள்வி. ஆமாம் என்றால் அப்புறம் யாரும் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இந்த ரமலானுக்கும் அப்படித்தான். நோன்பு தொடங்குவதற்கு முந்தைய புதன்கிழமை, முப்பத்திரண்டு வீடுகளுக்குப் பேரீச்சம்பழம் வாங்க வேண்டியிருந்தது. 'ரமலான் சிறப்பு விலை' என்று பதாகை கட்டி, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். பச்சைப் பெட்டி, மூடி நிறையத் தங்க நிறத்தில் அரபு எழுத்து, அதன் மேலேயே ஓரமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் இந்த வருடத்துக் கெடு தேதி. சபுரா முதல் பெட்டியைக் கையில் எடுத்தாள். பழக்கதோஷத்தில் கட்டைவிரலும் எழுந்தது. எழுந்தது அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஏழு வயதில் மதரஸாவில் எழுத்துக்கூட்டிக் கற்றது. ஓதத்தான் தெரியுமே தவிரப் பொருள் தெரியாது. அந்த எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் அவளுக்கு அது ஓதுகிற எழுத்துதான். பிஸ்கட் உறையில் இருந்தால்கூடக் குப்பையில் போட மாட்டாள். மடித்துப் பரண்மேல் வைப்பாள். பேரீச்சம்பழப் பெட்டியில் அச்சடித்திருந்தது பழத்தின் எடையும், ஈரம் படாத இடத்தில் வைக்கவும் என்பதும்தான். அது அவளுக்கு எப்படித் தெரியும்? நகத்தால் கீறினால் ஸ்டிக்கரோடு எழுத்தும் உரிந்து வந்துவிடுமே என்று பயந்தாள். பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முப்பத்திரண்டு பெட்டிகளையும் அப்படியே ஆட்டோவில் ஏற்றினாள். கடைக்காரன் ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத் தோதான இடமாகத்தான் பார்த்திருக்கிறான்.

ஆறாம் நோன்பன்று அது வெளிச்சமானது. நோன்பு திறக்கிற நேரம். நன்னாரி சர்பத் ஜக்கை ஒட்டிப் பெட்டி இருந்தது. ஜக்கில் வடிந்த குளிர்ந்த நீர் பட்டு ஊறி, ஸ்டிக்கர் தானாகவே சுருண்டு எழுந்திருந்தது. சபுரா ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருந்தவள், அடியில் எண்கள் தெரிவதைப் பார்த்தாள். அரபு எண்கள். குர்ஆனில் வசனத்துக்கு வசனம் வட்டத்துக்குள் போட்டிருக்கும் அதே எண்கள். அதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படித்தாள். கெடு முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கையிலிருந்த பழத்தைப் பிட்டாள். கொட்டையைச் சுற்றி ரவை மாதிரி தூள். தூளுக்குள் ஏதோ நெளிந்தது. அப்போது பாங்கு சொன்னார்கள். பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் நோன்பைத் திறந்தாள்.

ஐந்து நாளாக முப்பத்திரண்டு வீட்டிலும், நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி முதலில் வாயில் போட்டது இதைத்தான். அதுவும் பிட்டுப் பார்க்காமல். அவள் பார்த்து வாங்கியது என்கிற தைரியத்தில்.

மறுநாள் காலை வீடு வீடாக ஏறி இறங்கினாள். எதிர்வீட்டு சனோபர், "பிஸ்மி சொல்லித்தானக்கா திங்கிறோம், ஒண்ணும் செய்யாது. இத ஏன் பெருசு பண்றீக" என்றாள். சபுரா பெட்டியை வாங்கிப் பையில் போட்டாள். ஆயிஷா சித்திகா என்று ஒரு பெண், போன வருடம்தான் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவள், பிள்ளைத்தாய்ச்சி. அவள் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, "நீங்க பாத்துத்தானக்கா வாங்குவீக?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற பேச்சே இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். திட்டியிருந்தால்கூடச் சபுரா தாங்கியிருப்பாள்.

பத்தொன்பது பெட்டிகள் திரும்பி வந்தன. மற்றவை காலியாகியிருந்தன.

"என்னய ஏமாத்துனது கெடக்கட்டும்" என்று கணவரிடம் சொன்னாள். "நான் எந்த எடத்துல கை வைக்கமாட்டேன்னு பாத்து அதுல ஒட்டிருக்கான் பாருங்க. அதுதான் எனக்கு ஆறல." அப்துல் வஹீது தானும் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். வாங்கியது அவள்தான்.

இந்தப் புதன்கிழமை பத்தொன்பது பெட்டிகளையும் இரண்டு துணிப்பையில் அடைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள். காசிமாயன் வழக்கம்போல் கையை நீட்டினார்.

"இன்னிக்குப் பையக் குடுக்கமாட்டேன்ணே."

"பையோட விட்டா என்னய வைவாகம்மா."

"வையட்டும். எம்பேரச் சொல்லுங்க."

காசிமாயன் பைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "கொண்டா, நான் தூக்கிட்டு வாரேன். பை எங்கையிலதான இருக்கு, அப்ப ரூல்ஸ் சரியாப் போச்சு" என்று இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே வந்தார்.

மேனேஜர் அழகுராஜா முப்பது வயதுக்காரன். கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் தேன். பெட்டிகளைப் பார்த்ததும் அவன் திடுக்கிடவில்லை. அதுதான் சபுராவுக்கு முதலில் எரிந்தது.

"மேடம், ஸ்டிக்கர் நாங்க ஒட்றதில்ல. இம்போர்ட் பண்றவங்க ஒட்டி அனுப்புறது. அப்புறம் பேரீச்சம்பழம்லாம் கெட்டுப் போற அயிட்டமே கெடையாது மேடம்."

சபுரா ஒரு பழத்தை எடுத்து அவன் மேஜைமேல் பிட்டு வைத்தாள். அவன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"தின்னுங்க தம்பி. கெடாத அயிட்டம்தான?"

அழகுராஜா குரலை இறக்கினான். பத்தொன்பதுக்குப் பதில் முப்பத்திரண்டாகவே புதுப் பெட்டி, நல்ல ரகமாகத் தருவதாகச் சொன்னான். கூட ஒரு ஆலிவ் எண்ணெய். "உங்களுக்காக மட்டும் பண்றேன் மேடம். வெளிய சொல்லிக்க வேணாம்."

"இந்த ரகத்துல மிச்சம் எம்புட்டுப் பெட்டி இருக்கு?"

"அது எதுக்கு மேடம் உங்களுக்கு?"

"எம்புட்டு இருக்கு?"

"ஒரு நாப்பது இருக்கும். அத நாங்க பாத்துக்கிறோம். நோம்பு முடியப் போகுது, இன்னும் ரெண்டு வாரத்துல தானாத் தீந்துரும்."

தீர்ந்துவிடும் என்றால் நாற்பது வீட்டில் தின்று தீர்ப்பார்கள் என்று பொருள். எவ்வளவு சாதாரணமாக வருகிறது அந்த வார்த்தை. சபுரா எழுந்தாள். எண்ணெய் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் ஒருத்தி சொரண்டிப் பாத்துட்டேன். எனக்கு வாயடைக்கக் குடுக்குறீக. சொரண்டத் தெரியாதவுக என்ன பண்ணுவாக தம்பி?" என்று சொல்லிவிட்டு நேராகப் பதாகைக்குக் கீழே போனாள். அழகுராஜா பின்னாலேயே ஓடினான். பைகளோடு காசிமாயனும்.

அங்கே ஒரு பெண், கையில் பிள்ளையோடு நின்று, அந்தப் பச்சைப் பெட்டியில் இரண்டை எடுத்துத் தன் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். விலையைப் பார்த்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. மூடியை அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சித்த இரும்மா" என்று சபுரா அந்தக் கூடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள்.

பக்கத்தில் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. அதன் கண்ணாடி மூடியில் நீர் முத்துமுத்தாகப் பூத்திருந்தது. பேரீச்சம்பழப் பெட்டியைக் கவிழ்த்து, ஸ்டிக்கர் இருந்த ஓரத்தை அந்த ஈரத்தில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். பிறகு நிமிர்த்தினாள். தோளில் கிடந்த முந்தானையை எடுத்து, ஓத உட்காரும்போது செய்வதுபோல் தலைமுடி தெரியாமல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வாய்க்குள் பிஸ்மி சொன்னாள். கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் மூலைக்குள் போனது.

"மேடம், என்ன பண்றீங்க, கஸ்டமர்லாம் பாக்குறாங்க. அதக் குடுங்க" என்று அழகுராஜா கையை நீட்டினான்.

அவள் அவசரப்படவில்லை. ஒரு எழுத்தும் கிழியாமல், இழை இழையாக உரித்தாள். அடியிலிருந்த எண்களை விரலால் தொட்டு, அந்தப் பெண்ணுக்குப் புரிகிற தமிழில் மாதத்தையும் வருடத்தையும் சத்தமாகப் படித்தாள். பெட்டியை அவளிடமே கொடுத்தாள். உரித்த ஸ்டிக்கரை அழகுராஜாவின் நீட்டிய உள்ளங்கையில் வைத்து, ஒட்டிக்கொள்கிற மாதிரி கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். அடுத்த பெட்டியை எடுத்தாள்.