விண்ணரசி அறுத்த வளைவு

நான் ஆரோக்கியசெல்வம், கணக்கு வாத்தியார். வரதராஜன்பேட்டைத் திருவிழாக் கமிட்டியிலும் இருக்கிறேன். அன்றைக்கு நான் செய்த மடத்தனத்தை மறைக்காமல் சொன்னால்தான் விண்ணரசியின் அருமை உங்களுக்குப் புரியும்.

சாயங்காலம் சப்பரம். காலையில் இறக்கும்போது மாதா கூண்டின் முன்பக்கக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. மழைக்காற்று வேறு. திறந்த கூண்டோடு சப்பரம் கிளம்பாது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

விண்ணரசி வீட்டிலேயே பிளாஸ்டிக் ஷீட்டு அறுத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்பவள். அவளிடம் அந்த அளவில் கண்ணாடிபோல் தெளிவான ஷீட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கூண்டின்மேல் சாத்தி, ஷீட்டில் ஒட்டியிருந்த காப்புத்தாளில் மேல்வளைவைப் பென்சிலால் வரைந்து எடுத்துப்போனாள். உடனே பூக்காரர்கள் கூண்டுச் சட்டத்தைப் பூவால் மூடிவிட்டார்கள்; இனி அதைப் பார்த்து மறுபடி வரைய முடியாது.

வீட்டில் அவள் ரம்பம் எடுக்க உள்ளே போன நேரம், ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று நான் அந்தத் தாளை முழுக்க உரித்து வாசலில் போட்டேன். பளபளப்பைப் பார்க்கிற ஆசை. அவள் திரும்பி வந்தபோது கோடு போட்ட தாளை ஆடு மென்றுகொண்டிருந்தது. எனக்கு உசிரே போய்விட்டது. திருச்சிக்குப் போய் இன்னொரு ஷீட்டு வாங்கிவர நேரமில்லை.

"சார், நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. எதையும் தொடாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான் திட்டு. கண்ணை மூடினாள். வலது கை காற்றில் ஒருமுறை ஏறி வளைந்து இறங்கியது, காலையில் பென்சில் ஓடிய அதே ஓட்டம். பிறகு கட்டிலில் பழைய வேட்டியை விரித்து, ஷீட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டு, சன்னப்பல் ரம்பத்தை வைத்தாள். கோடே இல்லை. நான் மூச்சு விடவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வட்டம் சொல்லித் தருகிறேன், காம்பஸ் இல்லாமல் ஒன்று போட்டதில்லை.

அறுத்த விளிம்பைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தாள், துணியால் மெருகேற்றினாள், கீழுதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தாள். விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரிந்துவிடுமாம். திருப்தியாகாமல் மூன்று தடவை மறுபடி தேய்த்தாள்.

பூவுக்குள் நுழைத்துக் கூண்டில் பொருத்தினோம். மயிரிழை இடைவெளி இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமியார் வந்தார். "என்னம்மா, இன்னும் மூடலையா?" என்று கேட்டபடியே மாதா காலடியில் சரிந்திருந்த பூவை ஒதுக்கக் கை நீட்டினார். கை வழியிலேயே முட்டி நின்றது. அவர் கையை எடுக்காமல், கண்ணுக்குத் தெரியாத அந்த ஷீட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஃபாதர், கையை எடுங்க, ரேகை விழுந்துடும்" என்று விண்ணரசி முந்தானையால் துடைத்தாள்.