மடித்து வரைந்த கழுத்து

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது நான்கு பிள்ளைகள். மூன்று நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. நான்கையும் ஒரே தையல் மெஷினை மிதித்துத்தான் ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அளவு டேப்பில் உள்ள எண் அத்தனையும் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதைத் தட்டுகிறாள். சொல் என்னுடையது, எழுத்து அவளுடையது. நடுவில் அவளாக எதையும் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன் அறைதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஜாக்கெட் மட்டும் தைப்போம். ஜாக்கெட்டில் கையையும் இடுப்பையும் யார் வேண்டுமானாலும் தைக்கலாம், அளவு சரியாக இருந்தால் போதும். கழுத்து அப்படி இல்லை. பார்க்கிறவர்கள் கண் முதலில் போய் நிற்கிற இடம் அது. என் கழுத்து கோணல் என்று சொல்லி ஒரு ஜாக்கெட் திரும்பி வந்ததில்லை. வேறு காரணத்துக்கு வந்திருக்கிறது. அதை மறைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிக்கொண்டது. கத்திரி பிடிக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். கத்திரியை மருமகளிடம் கொடுத்தேன். சாக்பீஸைக் கொடுக்கவில்லை. கழுத்து நான் வரைவேன், அவள் வெட்டித் தைப்பாள். கொக்கி ஊசியால் பூப்போடுகிற ஆரி வேலையும் அவளே கற்றுக்கொண்டு செய்கிறாள். நல்ல கை அவளுக்கு. அதை அவள் எதிரில் நான் சொன்னதில்லை, இப்போது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

போன மார்கழிக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தாள். அவள் கல்யாண ஜாக்கெட் நான் தைத்தது. இப்போது அவள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அரக்குக் கலர் பட்டுத் துணியையும் மகளின் அளவு ஜாக்கெட்டையும் கொடுத்து, உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். நான்கு நாள் கழித்து அவளே போன் செய்தாள்.

"டைலரம்மா, தப்பா நெனைக்காதீங்க. கழுத்த படமா பாத்துட்டுதான் துணிய வெட்டணும்னு சொல்றா. இல்லன்னா துணிய வாங்கிக்கினு வந்து மெட்ராஸ்லயே குடுத்துக்கறேன்றா."

மகளுக்குச் சென்னையில் வேலை. அங்கே கடைகளில் கம்ப்யூட்டரில் காட்டுவார்களாம். கோபம் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். தாய்க்குத் தைத்த கை மகளுக்கு ஆகவில்லையா என்று இருந்தது. ஆனாலும் ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மருமகளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். புரியவில்லை என்று அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. அவளையும் குறை சொல்ல முடியாது. பட்டையான சாக்பீஸுக்கு விரல் ஒத்துக்கொள்கிறது. பென்சிலை இறுக்கிப் பிடித்தால் மூட்டு நடுங்குகிறது, கோடும் கூடவே நடுங்கி வந்திருந்தது.

"அத்த, விடுங்க. நெட்ல எவ்ளோ டிசைன் இருக்குது, நல்லதா ஒண்ண எடுத்து அனுப்பிடலாம்" என்றாள் மருமகள்.

இன்னொருத்தர் கழுத்தை நான் என் பேரில் அனுப்புவதில்லை என்று சொன்னேன்.

அப்போதுதான் பேத்தி தன் லேப்டாப்பைக் கொண்டு வந்து கட்டிங் மேசையில் வைத்தாள். கம்ப்யூட்டர் படிக்கிறாள், கடைசி வருஷம். படம் வரைகிற ப்ரோகிராம் ஒன்றைக் காலேஜுக்காக அவளே செய்திருந்தாள். கோடு, வட்டம், கலர், அழிக்கிறது, வெட்டுகிறது, அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை என்றாள். அவள் சாருக்கும் அதுதான் குறையாம். நான் கையால் வரைகிறதும் கோடும் வளைவும்தான், அதில்தான் நாலு பிள்ளை சாப்பிட்டது என்று சொல்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

முதல் நாளே தகராறு. கோடு இழுக்க வேண்டும் என்றால் மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நகர்த்த வேண்டும். நான்கு விரற்கடை போவதற்குள் கட்டைவிரல் மூட்டில் ஊசி குத்துகிறது. பிடி நழுவினால் கோடு அங்கேயே அறுந்துவிடும். எதற்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"எல்லா ப்ரோகிராம்லயும் அப்டிதான் ஆயா."

"எல்லா கடையிலயும் அக்குள இறுக்கி தெச்சா, நானும் இறுக்கிதான் தெக்கணுமா?"

அவள் உடனே லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் மாற்றிவிட்டாள். ஒரு தட்டு தட்டினால் கோடு கிளம்பும், கையைச் சும்மா நகர்த்திக்கொண்டு போகலாம், இன்னொரு தட்டில் நிற்கும். பிறகு ஒரு வளைவை ஒரே மூச்சில் போட்டேன். நடுக்கம் இல்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றதற்கு, வலி இருக்கிறவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து உட்கார்ந்து முதுகுப் பக்கத்துக்குப் பானைக் கழுத்து வரைந்தேன். ஓரத்தில் மாங்காய் மாங்காயாக வைத்து, கீழே கூர்மையாக முடித்தேன். நன்றாகவே வந்தது. வரைந்து முடித்ததும் மேலே பார்த்தேன், ஒரு பொத்தானில் கத்திரி படம் இருந்தது. கோடு போட்டு முடித்தால் அடுத்த வேலை கத்திரிதானே. அழுத்தினேன். மாங்காயும் இல்லை, பானையும் இல்லை, வெள்ளைத் திரை மட்டும் இருந்தது.

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, என்னிடம் முகத்தைக் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, பேத்தியிடம் ஒன்று கேட்டேன். நான் துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் எத்தனை தடவை அளவைப் பார்க்கிறேன் என்று நீ பார்த்திருக்கிறாய், உன் பெட்டி ஒரு தடவையாவது என்னைக் கேட்டதா, வெட்டட்டுமா என்று? அதோடு சிரிப்பு நின்றது. கத்திரியை எல்லாப் பொத்தான்களுக்கும் கடைசியில் தள்ளி வைத்தாள். இப்போது அழுத்தினால், வெட்டிவிடலாமா என்று தமிழில் கேட்கிறது. தவறிப் போய் வெட்டினாலும் பழையபடி கொண்டுவர ஒரு பொத்தான் வைத்தாள். துணியில் அந்த வசதி இல்லை. அந்த ஒன்றில் அவள் பெட்டி ஜாஸ்திதான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் பெரிய தப்பு. அன்றைக்குப் பௌர்ணமி. ஊருக்குள் பஸ் வராது, ஆட்டோ வராது, தெருவெல்லாம் கிரிவலத்துக்கு வந்தவர்கள். பேத்தி காலையிலேயே நடந்து காலேஜுக்குப் போய்விட்டாள். நான் கழுத்தைத் திரும்ப வரைந்தேன், முன்னதைவிட அழகாக. அவள் சொல்லிக் கொடுத்தபடி சேமித்தேன். மருமகள் பார்த்து, சூப்பரா இருக்குது அத்த என்றாள். அவளே தன் போனில் அதை ஏற்றி அனுப்பினாள்.

மதியத்துக்கு மேல் கீழ்பென்னாத்தூர் அம்மா போன் செய்தாள்.

"டைலரம்மா, காலைலேர்ந்து பாத்துக்கினே இருக்கறேன், மீதி பாதி இன்னும் வரலியே. பௌர்ணமி கூட்டத்துல நெட்டு மாட்டிக்கிச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தானே போயிருக்கிறது என்றாள். அந்த அம்மா தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னாள். படத்தைச் சென்னைக்கும் அனுப்பினாளாம். இது என்ன ஒரு தோள் மட்டும் இருக்கிறது, அந்த டைலருக்குக் கண் தெரிகிறதா என்று மகள் கேட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து துணியை வாங்கிக்கொண்டு போகிறாளாம். ஞாயிறு வருவதற்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. நாளை சாயங்காலத்துக்குள் முழுப் படம் வரும், அதைப் பார்த்துவிட்டுப் பிறகு புறப்படச் சொல் என்று சொல்லி போனை வைத்தேன். எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. குரலில் மட்டும் அதைக் காட்டவில்லை.

பேத்தி கூட்டத்தில் புகுந்து வீடு வந்து சேர்ந்ததும் படத்தைக் காட்டினேன்.

"ஆயா, நீ பாதிதான வரைஞ்சிருக்க?"

"முழுசா எந்த டைலர் வரைவா?"

அவளுக்குப் புரியவில்லை. ஒரு பேப்பரை எடுத்து இரண்டாக மடித்தேன். மடிப்பு ஓரத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் கழுத்து வரைந்தேன். மருமகளை வெட்டச் சொன்னேன். விரித்ததும் முழுக் கழுத்து வந்தது, இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. ஐம்பது வருஷமாக நான் முழுக் கழுத்து வரைந்ததே இல்லை. பாதியைப் பார்த்தாலே எனக்கு முழுசும் தெரியும். மருமகளுக்கும் அப்படித்தான், அதனால்தான் இரண்டு பேரும் பாதியை அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், இத்தனை நாள் பார்த்தும் பார்க்கவில்லையே என்று பேத்தி தன்னையே திட்டிக்கொண்டாள்.

இடது பக்கத்தைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாமே ஆயா என்றும் கேட்டாள். வரைந்து பார்த்தேன். ஒரு தோள் தூக்கிக்கொண்டு நின்றது. கையால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வராது, அதனால்தானே மடிக்கிறோம் என்றேன். உன் பெட்டியை மடி. அதை மட்டும் செய், வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அவளுக்கு லீவு. காலையில் உட்கார்ந்தவள் மதியம் சோற்றுக்குத்தான் எழுந்தாள். நடுவில் இரண்டு தடவை இடது பக்கம் தலைகீழாக வந்தது. ஒரு தடவை எதுவுமே வரவில்லை. நான் பேசாமல் தைத்த ஜாக்கெட்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். துணி வெட்டுகிறவளிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்து, இப்போது வரைந்து பார் ஆயா என்றாள். திரைக்கு நடுவில் மேலிருந்து கீழே புள்ளிக் கோடு ஒன்று இருந்தது. அதுதான் மடிப்பு. நான் வலது பக்கம் ஒரு தட்டு தட்டிக் கையை நகர்த்தினேன். அதே நேரத்தில் இடது பக்கத்திலும் கோடு ஓடியது. நான் வளைத்தால் அதுவும் வளைந்தது. நான் ஒரு மாங்காய் வைத்தால் எதிரில் ஒரு மாங்காய் உட்கார்ந்தது. துணியில் இதை நான் வெட்டி விரித்த பிறகுதான் பார்ப்பேன். அதற்குள் நல்லதோ கெட்டதோ நடந்து முடிந்திருக்கும். வெட்டாமலேயே விரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் சும்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். மணியாகிறது என்று மருமகள் சொல்ல வேண்டியிருந்தது.

அனுப்பும் முன்னால் இன்னொன்று கேட்டேன், இது எத்தனை இன்ச் இறக்கம் என்று. திரையில் இன்ச் எல்லாம் கிடையாது என்றாள். அளவு இல்லாத கழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் டேப்பைப் பார்த்துப் பார்த்து, படத்தின் ஓரத்தில் அதேபோல் இன்ச் கோடு வைத்தாள். பிரிண்ட் எடுத்து டேப்பை வைத்துப் பார்த்தேன், நூல் பிசகவில்லை. பிறகுதான் அனுப்பச் சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள் போன் வந்தது. இந்தத் தடவை பேசியது அந்தப் பெண்ணே.

"ஆன்ட்டி, முதுகுல ஒம்பதரை இன்ச்னு போட்டிருக்கு. எட்டரை ஆக்க முடியுமா? எங்க மாமியார் வீட்ல ஒரு மாதிரி பாப்பாங்க."

வெட்டின கழுத்தை இறக்கலாம், ஏற்ற முடியாது. துணியில் கத்திரி பட்ட பிறகு அவள் இதைக் கேட்டிருந்தால் அந்தப் பட்டுத் துணியும் போயிருக்கும், என் பேரும் போயிருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டே கீழ்க் கோட்டை ஒரு இன்ச் ஏற்றினேன், அந்தப் பக்கமும் தானாக ஏறியது. மருமகள் திரும்ப அனுப்பினாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள்.

"வெட்டிடுங்க ஆன்ட்டி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. துணி எங்களிடமே இருந்தது. திங்கட்கிழமை காலை, எட்டரை இன்ச்சுக்குப் புதிதாக எடுத்த பிரிண்டை வைத்து மருமகள் வெட்டினாள். அதை வைத்தே ஆரி வேலைக்கும் கோடு எடுத்தாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் தாயும் மகளும் வந்தார்கள். பெண் போட்டுப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி பிடிக்கச் சொல்லி, படத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது என்றாள். அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பேத்தி இப்போது இதையெல்லாம் காலேஜில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், யார் உபயோகித்தார்கள், என்ன மாற்றம் கேட்டார்கள் என்று. ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு நான்கு வரியில் எழுதிக்கொண்டு வந்தாள். இப்படி எழுதினால் நான் என்னமோ நோய்க்காரி மாதிரி இருக்கிறது, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தட்டு என்றேன். காலேஜுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு மீதியை எனக்கு வைத்துவிடட்டும்.

ஒரு குறை இன்னும் பாக்கி இருக்கிறது. அவள் கலர்ப் பெட்டியில் சிவப்பு இருக்கிறது, காவி இருக்கிறது, அரக்கு இல்லை. கல்யாணத்துக்கு அரக்கு எடுக்காத வீடு இந்த ஜில்லாவிலேயே கம்மி. அதையும் போட்டுவிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எங்கே கண்ணு, தட்டினது போதும். முதலிலிருந்து படி, கேட்கிறேன். உன் அம்மாவையும் மெஷினை நிறுத்திவிட்டு இப்படி வந்து உட்காரச் சொல். கத்திரி வருகிற இடத்தில் மட்டும் ரெண்டு பேரும் சிரிக்கக் கூடாது.