டிரினிடாடில் கேட்ட அரோகரா

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் கப்பல் வேலைக்குப் போன நான் டிரினிடாடிலேயே தங்கிவிட்டேன். திருத்தணி மிஷன் பள்ளியில் கற்ற கூடைப்பந்தை ஆட, அங்கே ஒரு சர்க்கரை ஆலை சம்பளம் கொடுத்தது.

ஒரு ஆட்டத்தில் கடைசிப் பந்தை எறியக் கையைத் தூக்கினேன். "அரோகரா!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார். குரல் வந்த பக்கம் திரும்பிக்கொண்டே எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. தோற்றோம்.

கத்தியவரைத் தேடி ஓடினேன். கரும்பு வெட்டுகிறவர். "எந்த ஊருங்க நீங்க?" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. பாரம் தூக்கும்போது அவர் அப்பா சொன்ன அந்த ஒரு சொல்தான் மிச்சமாம். அர்த்தம் என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திருத்தணியில் நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வந்தால், "இன்னாடா பாத்துகினு நிக்கிற? ஜன்னல சாத்து" என்பார் நைனா. சாத்தினாலும் அரோகரா சத்தம் உள்ளே வரும்.

"அது எங்கள் ஊரின் பெயர்" என்றேன்.

பொய் சொன்னதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.