நான்காவது தூம்பு

மொட்டைமாடியில் தண்ணீர் கட்டிப் பார்ப்பது எங்கள் கிடங்கில் வருஷா வருஷம் நடக்கும் வழக்கம். சித்திரையில் மேஸ்திரி விரிசல்களுக்குச் சுண்ணாம்பு பூசி முடித்ததும், மழைத்தண்ணீர் தெருவில் விழுவதற்காகச் சுவரின் அடியில் வைத்திருக்கும் தூம்புகளைக் கோணித்துணியில் பொதிந்த களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவைப்பார்கள். கீழே உள்கூரையில் எங்காவது ஈரம் கறுத்தால் பூச்சு பிடிக்கவில்லை என்று அர்த்தம். கறுக்காவிட்டால் அடைப்பை எடுத்துத் தண்ணீரைப் போகவிட வேண்டியதுதான்.

கிடங்கு, பட்டாளம் தங்கியிருந்த பெங்களூர்த் தண்டில், துணிக்கடைத் தெருக்களுக்குப் பின்னால் இருந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வரும் துணி மூட்டைகள் அங்கே தங்கிப் போகும். எனக்கு அங்கே ரைட்டர் உத்தியோகம். அப்பா பட்டாளத்துக் குதிரை லாயத்தில் லத்தி அள்ளினவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறின முதல் ஆள் நான்தான். கட்டடத்தில் நடக்கும் வேலைகளை இங்கிலீஷில் எழுதி வைக்கும் தடித்த புத்தகம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. என் கையெழுத்தின் மேல் எனக்கு அலாதிப் பிரியம்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். மத்தியான அவசரத்தில் எழுதினால் எழுத்து கோணிப்போகும் என்று, காலையிலேயே உட்கார்ந்து, ‘நான்கு அடைப்புகளும் மேஸ்திரியின் முன்னிலையில் எடுக்கப்பட்டன, தண்ணீர் முழுக்க வடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அப்போது மாடியில் தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

மத்தியானம் நானும் மேஸ்திரியும் மேலே போனோம்.

“பாத்தீங்களா ரைட்டரே, கொளம் மாதிரி நிக்குது. கீழ ஒரு சொட்டு இல்ல” என்றார் அவர். மூன்று தூம்புகளை அவரே திறந்தார். நான்காவது, படிக்கட்டு அறையை ஒட்டி, ஒரு குட்டைச் சுவருக்கு அப்பால் தனியாக இருந்தது. “அத நான் எடுத்துடறேன். நீங்க போய் உள்கூரைய இன்னொரு தரம் பாத்துடுங்க மேஸ்திரி” என்றேன். அவர் இறங்கிப் போனார். அதற்குள் மேனேஜர் கீழிருந்து கூப்பிட்டார். அதற்கப்புறம் என்ன செய்தேன் என்பது என் நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வானம் இருண்டது. அல்சூரில் எங்கள் வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

“என்னடா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திச் சுத்தி வர்ற?” என்றாள் அம்மா.

“கெடங்கு மாடியில ஒரு அடைப்ப எடுத்தேனா இல்லியான்னு ஞாபகமே வரலம்மா.”

“எழுதி வெச்சியா?”

“எழுதிட்டேன்.”

“அப்புறம் என்ன? எழுதிட்டேன்னா எடுத்திருப்ப. உக்காரு.”

உட்கார முடியவில்லை. எழுதியது மட்டும் எழுத்தெழுத்தாக நினைவில் இருந்தது. பேனா முள் எங்கே தடுக்கியது என்றுகூடச் சொல்லியிருப்பேன். களிமண்ணைத் தொட்டதாக என் கைக்கு ஞாபகமே இல்லை. அந்த மூலையில் தண்ணீர் ஏறினால் படிக்கட்டு அறையின் நிலைப்படியைத் தாண்டிப் படி வழியாக மூட்டைகளின் மேல் இறங்கும். என் வேலை போகும். அதைவிட, ‘மேஸ்திரியின் முன்னிலையில்’ என்று வேறு எழுதியிருந்தேன். என்னோடு சேர்த்து அவர் பிழைப்பும் போகும்.

முதல் தூறல் விழுந்ததும் ஓடினேன். ஏரிக்கரை தாண்டுவதற்குள் மழை வலுத்துவிட்டது. கிடங்குக்கு எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மூன்று தூம்புகளிலிருந்து கை கனத்துக்குத் தண்ணீர் கொட்டியது. நான்காவதில் ஒரு சொட்டு இல்லை.

வாசலில் காவல்காரர் பீடியோடு ஒதுங்கியிருந்தார். “சாவி மேனேஜர் சாப்கிட்ட இருக்கு. லீவு நாள்ல மழை பாக்க வந்தீங்களா ரைட்டர் சாப்?” என்றார்.

பின்சந்தில் மேஸ்திரியின் மூங்கில் ஏணி கட்டியபடியே இருந்தது. ஏறினேன். மாடி மூலையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழ் வரை நின்றது. நிலைப்படியைத் தாண்டி, பூட்டிய கதவின் அடியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி அடைப்பைப் பிடுங்கினேன். தூம்பு ஒரு விக்கலோடு திறந்துகொண்டது. கதவுக்கு அப்பால் படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு நனைந்தது என்று பார்க்க வழியில்லை. திங்கட்கிழமை காலை வரை அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

கதவைத் திறந்தபோது, படியை ஒட்டிய கீழ் அடுக்கு மூட்டைகள் ஊறியிருந்தன. நான்காவது தூம்பு அடைபட்டிருந்தது, மழையில் வந்து நான்தான் பிடுங்கினேன் என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேஸ்திரியை வரவழைத்தார்.

“நாலும் உன் எதிர்லதான் எடுத்ததுன்னு எழுதியிருக்கு. அப்ப திரும்ப அடைச்சது யாருய்யா?”

“நான் எதுக்கு சாமி அடைக்கறேன்? மீன் வளக்கவா?” என்றார் மேஸ்திரி. பிறகு என்னிடம் திரும்பினார். “எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க ரைட்டரே.”

சொன்னேன்.

“இது எப்ப எழுதினது?”

“சனிக்கிழம காலையில.”

“நாம மேல போனது மத்தியானம்ல?”

மேனேஜர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “ஆமா சார். எடுக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். நாலாவத எடுக்கறேன்னு சொன்னது நான்தான். மேஸ்திரி கீழ போயிட்டாரு” என்றேன்.

“கை நல்லா வேகமாத்தான் ஓடுது. காலுதான் பின்னால வருது” என்றார் மேஸ்திரி. கோபமா கேலியா என்று தெரியவில்லை.

“உன்னை இப்பவே அனுப்பிடலாம். ஆனா இந்த மூட்டைய எல்லாம் யாரு பிரிச்சுக் காயவெக்கறது? போய்ப் பிரி. அப்புறம் சொல்றேன்” என்றார் மேனேஜர்.

ஈரத்துணிகளைச் சுமந்துபோய் அதே மாடியில் விரித்தேன். தினமும் மேகம் கூடியது. தினமும் வாரிச் சுருட்டினேன். மேனேஜர் அறையில் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துணி காய்ந்து கடைகளுக்குப் போன பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று மாற்றினார். இனிமேல் புத்தகத்தில் மேஸ்திரியின் கைரேகையும் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்தோம். நாலு அடைப்பையும் நானே எடுத்து, ஒவ்வொரு தூம்பிலும் கையை விட்டுப் பார்த்து, இறங்கி வந்த பிறகே எழுதினேன். மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன்.

“இருங்க” என்றார். மைப்பெட்டியைத் தொடாமல் எழுந்து மேலே போனார். நான்கையும் தொட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் அவர் இறங்கி வரும்வரை படிக்கட்டின் அடியிலேயே நின்றேன்.